வாசகர் கேள்வி பதில்: ஒட்டகத்தைக் கட்டியவர்கள் நடந்த இடங்கள்

தவக்குல் (செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு முடிவை இறைவனிடம் ஒப்படைப்பது) பற்றியும், மக்கா மதீனாவின் வரலாற்று இடங்களைப் பற்றியும் தனித்தனியாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒன்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் மற்றொன்றும் கூடவே வந்து நிற்கிறது.

தவ்ர் குகையில் நபியவர்களைச் சிலந்தி வலையும் புறாக்கூடும் காப்பாற்றின என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். அப்படியிருக்க, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே திட்டம் போடுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) குறைவு இல்லையா? – வாசகர், மேலப்பாளையம்

குகை வாசலை விட்டுக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். கி.பி. 622இல் நபியவர்கள் மக்காவின் குறைஷிக் குலத்தாரிடமிருந்து தப்பி மதீனாவுக்குப் போன அந்தப் பயணத்தின் ஏற்பாடுகளை, ஆயிஷா (ரலி) அறிவிக்கும் புகாரி ஹதீஸ் (நபிமொழி) ஒவ்வொன்றாகச் சொல்கிறது. நான்கு மாதம் முன்பே நபித்தோழர் அபூபக்கர் (ரலி) இரண்டு ஒட்டகங்களைப் பிடித்துக் கட்டி, ஸமுர் என்னும் வேல மர இலையைத் தீனியாகப் போட்டுத் தயார் செய்கிறார். நபி (ஸல்) அவர்கள் வழக்கமாக வராத நேரத்தில், உச்சி வெயிலில், தலையை மூடிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருகிறார்கள். ஒட்டகத்தை அன்பளிப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, 'விலைக்குத்தான்' என்கிறார்கள். அபூபக்கரின் மகள் அஸ்மா (ரலி) தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவுப் பையின் வாயைக் கட்டுகிறார்.

அடுத்தது திசை. மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. அவர்கள் போய் ஒளிந்த தவ்ர் மலை தெற்கே. தேடுகிறவன் வடக்கு வழியைத்தானே முதலில் அடைப்பான்? குகையில் மூன்று இரவுகள். அபூபக்கரின் மகன் அப்துல்லாஹ் பகலெல்லாம் குறைஷிகளிடையே இருந்து காதில் விழுந்ததைச் சேகரித்து, இருட்டியதும் குகைக்கு வந்து சொல்வார். விடியுமுன் மக்காவுக்குத் திரும்பி, இரவெல்லாம் அங்கேயே தூங்கியவர் போல எழுந்து நடமாடுவார். ஆமிர் இப்னு ஃபுஹைரா இரவில் பால் ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டி வருவார். குடிக்கப் பால் கிடைத்தது. அப்துல்லாஹ்வின் காலடித் தடத்தை ஆட்டுக் குளம்புகள் அழித்தன என்று சீரா (நபி வரலாற்று) நூல்கள் சொல்கின்றன. வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியவர் இஸ்லாத்தை ஏற்காதவர். பாலை வழி நன்கு தெரிந்தவர், சொன்ன சொல் காப்பவர் என்பதைத்தான் பார்த்தார்கள். ஒட்டகங்கள் இரண்டையும் அவரிடமே ஒப்படைத்து, மூன்று இரவு கழிந்த காலையில் வரச் சொன்னார்கள். வழக்கமான பாதையை விட்டுக் கடற்கரையோரமாக அவர் அழைத்துச் சென்றார்.

இத்தனையும் செய்த பிறகும் தேடி வந்தவர்கள் குகை வாசலுக்கே வந்துவிட்டார்கள். போட்ட திட்டமெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. 'இவர்களில் ஒருவன் குனிந்து தன் காலடியைப் பார்த்தாலே நம்மைக் கண்டுவிடுவான்' என்று அபூபக்கர் (ரலி) கலங்கியபோது, 'இருவரைப் பற்றி என்ன நினைக்கிறீர், அவர்களுடன் மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கும்போது?' என்றார்கள் நபி (ஸல்). 'கவலைப்படாதீர், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான்' என்று அவர்கள் தோழரிடம் சொன்னதைத் திருக்குர்ஆன் 9:40 பதிவு செய்கிறது. தவக்குல் என்பது இதுதான். கை தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. ஆனால் மனம் ஒரு கணமும் அந்த வேலையின் மேல் சாய்ந்திருக்கவில்லை. அதனால்தான் வேலை பலிக்காத நேரத்திலும் மனம் அசையவில்லை.

சிலந்தி வலை பற்றிய அறிவிப்பு முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீர் அதை ஏற்றார். பிற்கால ஹதீஸ் ஆய்வாளர் பலர் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றனர். புறாவைப் பற்றிய செய்தி அதைவிடப் பலவீனம். 'நீங்கள் பார்க்காத படைகளால் அவரைப் பலப்படுத்தினான்' என்கிற அளவில் அந்த 9:40 வசனம் நிறுத்திக்கொள்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வலையோடு நிறுத்திவிடாமல் அஸ்மாவின் கச்சையையும் ஆமிரின் ஆடுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை ஆதாரப்பூர்வமானவை.

உம்ரா என்னும் மக்கா புனிதப் பயணத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். 'அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறவனுக்கு ஊசி எதற்கு?' என்று அத்தா பிடிவாதமாக இருக்கிறார். – வாசகி, கம்பம்

கலீஃபா உமர் (ரலி) ஷாமுக்கு (சிரியா பகுதிக்கு)ப் போகும் வழியில், ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்ப முடிவெடுத்தார். 'அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்?' என்று கேட்டார் அபூ உபைதா (ரலி). 'ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு' என்ற உமர், மேலும் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார்: உமது ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர், ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வறட்சி. பச்சையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிதான், வறட்சியில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிதான் இல்லையா? இதை அத்தாவிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள். உஹதுப் போரில் நபி (ஸல்) ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கவசம் அணிந்திருந்தார்கள் என்ற ஹதீஸையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊசியைக் கடைசி நேரத்துக்குத் தள்ள வேண்டாம். சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக அந்த நாட்கள் வேண்டும். எந்த வகை ஊசி, எந்தத் தேதி என்பது சான்றிதழில் தெளிவாக இருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள். அத்தாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தால் அவற்றை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தாமதமாகக் கூடாது.

ஸயீயில் (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடப்பதில்) எண்ணிக்கை குழம்பிவிடுகிறது. போய் வருவது சேர்த்து ஒன்றா? ஓடிக் காட்டியவர் ஹாஜர் அவர்களாக இருக்க, பெண்கள் ஏன் ஓடுவதில்லை? – வாசகி, காயல்பட்டினம்

போவது ஒன்று, வருவது ஒன்று. ஸஃபாவிலிருந்து மர்வாவுக்கு 1. மர்வாவிலிருந்து ஸஃபாவுக்கு 2. எனவே ஒற்றைப்படை எண்கள் எல்லாம் மர்வாவில் முடியும், இரட்டைப்படை ஸஃபாவில் முடியும். இதை மனத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்: 'ஏழு' என்று நினைக்கும்போது நீங்கள் ஸஃபாவில் நின்றால் எண்ணிக்கை எங்கோ தவறியிருக்கிறது. ஐந்தா ஆறா என்ற சந்தேகம் வந்தால் குறைந்ததையே எடுத்துக்கொண்டு தொடருங்கள். போய்வருவதை ஒன்றாக எண்ணி 14 முறை நடந்து கால் வீங்கி அறைக்குத் திரும்பும் முதியவர்கள் உண்டு. குழுவில் ஒருவர் விரலில் எண்ணும் கருவி மாட்டிக்கொண்டால் போதும்.

ஒரு முறை நடப்பது சுமார் 400 மீட்டர். ஏழும் சேர்ந்தால் 3 கிலோமீட்டரை நெருங்கும். அதற்கு முன் தவாஃபும் (கஅபாவைச் சுற்றுவதும்) நடந்திருப்பீர்கள்; மேல் தளத்தில் தவாஃப் செய்திருந்தால் அது பல மடங்கு நீண்டிருக்கும். தொழுகைக்கு இகாமத் சொன்னால் நின்ற இடத்தில் தொழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இடையில் உட்கார்ந்து ஸம்ஸம் தண்ணீர் குடிக்கலாம். தொண்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் குளிரூட்டாதது என்று எழுதிய கலனில் பிடியுங்கள். ஒளு (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் தூய்மை) இருப்பது சிறப்பு. இடையில் முறிந்தாலும் ஸயீ செல்லும். முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி தடையில்லை. முடிந்தவர்கள் வசதிக்காக ஏறுவதை ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஏற்பதில்லை, அதற்குப் பரிகாரம் சொல்வார்கள்.

பச்சை விளக்குகளுக்கு நடுவே ஆண்கள் மட்டும் வேகமாக ஓடுகிறார்கள். பெண்களுக்கு நடைதான் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் அந்த விளக்குகளுக்கு நடுவே நடக்கும்போது உங்கள் காலடியில் என்ன இருந்தது என்பது தெரிந்தால் நடையே மாறிவிடும். அது ஒரு காலத்தில் பள்ளம். இப்ராஹீம் (அலை) தம் மனைவி ஹாஜரையும் கைப்பிள்ளையையும் அங்கே விட்டுப் போகும்போது, 'இதை அல்லாஹ்வா உங்களுக்குக் கட்டளையிட்டான்?' என்று ஹாஜர் (அலை) கேட்டார்கள். 'ஆம்' என்றதும், 'அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான்' என்று திரும்பிவிட்டார்கள். நம்பிக்கை அந்த நொடியிலேயே முழுமையாகிவிட்டது. அப்புறம் ஏன் ஓடினார்கள்? தோல்பையில் தண்ணீர் தீர்ந்தது, பிள்ளை துடித்தது. ஸஃபாவில் ஏறி ஆள் தெரிகிறதா என்று பார்த்தார்கள். பள்ளத்தில் இறங்கியதும் ஆடையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தவிப்பில் உள்ளவர் ஓடுவது போல ஓடினார்கள். மர்வாவில் ஏறிப் பார்த்தார்கள். இப்படி ஏழு முறை.

தண்ணீர் ஸஃபாவிலும் வரவில்லை, மர்வாவிலும் வரவில்லை. பிள்ளை கிடந்த பக்கம் வந்தது. அதுதான் ஸம்ஸம். ஓட்டம் ஒரு பக்கம், கொடை வேறு பக்கம். தண்ணீரைக் கண்டதும் அவர்கள் செய்ததையும் பாருங்கள்: மண்ணை அணைத்துத் தொட்டி கட்டி, கையால் அள்ளித் தோல்பையை நிரப்பினார்கள்.

எங்கள் உம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. நபித்துவம் கிடைத்த ஹிரா குகைக்கு ஏறாமல் வந்தால் உம்ரா குறைந்துவிடுமோ என்று வருந்துகிறார். – வாசகர், கல்முனை

குறையவே குறையாது. ஹிராவோ தவ்ரோ ஹஜ்ஜின் பகுதியும் இல்லை, உம்ராவின் பகுதியும் இல்லை. நபித்துவம் கிடைத்த பின் நபி (ஸல்) அந்த மலைக்கு வணக்கத்திற்காக ஏறிச் சென்றதாக ஆதாரம் இல்லை. ஏறும்படி தோழர்களிடம் சொன்னதாகவும் இல்லை. நன்மை நாடிப் பயணம் கட்டிச் செல்ல மூன்று பள்ளிவாசல்களைத்தான் சொன்னார்கள்: மஸ்ஜிதுல் ஹராம், மஸ்ஜிதுந் நபவி, மஸ்ஜிதுல் அக்ஸா. மதீனாவில் இருக்கும்போது உம்மாவை மஸ்ஜிது குபாவுக்கு அழைத்துப் போங்கள். தங்கும் அறையிலேயே ஒளு செய்துவிட்டுப் போய் அங்கே இரண்டு ரக்அத் தொழுதால் ஓர் உம்ராவின் நன்மை என்று ஹதீஸ் இருக்கிறது. வண்டி வாசல் வரை போகும்.

ஹிராவைப் பார்த்து வரலாற்றை உணர்ந்து வர விரும்பும் இளையவர்கள் போகலாம். 1,000 படிகளுக்கு மேல். ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். நிழல் இல்லை என்பதால் சுப்ஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பின் உடனே, அல்லது அஸ்ரு என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பின் ஏறுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பிடிப்பில்லாத ரப்பர் செருப்பு இறங்கும்போது வழுக்கும். உச்சிக்குப் போனால் குகை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உச்சியைத் தாண்டி மறுபக்கம் சற்று இறங்கி, சாய்ந்து கிடக்கும் பாறைகளுக்கு நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். குகை 4 மீட்டர் நீளம்கூட இராது. அகலம் ஒன்றரை மீட்டர் அளவு. அந்த இடுக்கில் கூட்டம் சேர்ந்தால் மூச்சு முட்டும். உள்ளே தொழ முண்டியடிப்பதில் எந்தச் சிறப்பும் இல்லை. தவ்ர் இதைவிட உயரம், ஏற்றமும் கடினம்.

அந்த மலைகளிலிருந்து கொஞ்சம் மண், ஒரு கல் எடுத்து வந்து வீட்டில் வைக்கலாமா? பரக்கத் என்கிறார்கள். – வாசகர், கீழக்கரை

ஸம்ஸம் கொண்டு வாருங்கள். ஆயிஷா (ரலி) கொண்டு சென்றதாக ஹதீஸே உண்டு. மண்ணும் கல்லும் வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஹரம் என்னும் மக்காவின் புனித எல்லைக்குள் இருக்கும் மண்ணையும் கல்லையும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்பது இமாம் நவவியின் சட்டம். ஹிராவும் அந்த எல்லைக்குள்தான். பாறையில் பெயர் எழுதுவது, செடியில் துணி கட்டுவது, சுவரில் துணியைத் தேய்த்து எடுத்து வருவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

கஅபாவின் கறுப்புக் கல்லான ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டபோதே உமர் (ரலி), 'நீ தீங்கோ நன்மையோ செய்ய முடியாத ஒரு கல் என்று எனக்குத் தெரியும். நபியவர்கள் உன்னை முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்' என்றார். அந்தக் கல்லுக்கே இந்தச் சொல் என்றால் மலையடிவாரத்துக் கல்லுக்கு என்ன இருக்கிறது? மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் எந்த மரத்தடியில் நபித்தோழர்களின் உடன்படிக்கைப் பிரமாணம் நடந்ததோ, அந்த மரம் எது என்று மறு ஆண்டே அவர்களில் இருவர்கூட ஒத்துச் சொல்ல முடியவில்லை. 'அது அல்லாஹ்வின் அருளாக இருந்தது' என்றார் இப்னு உமர் (ரலி). தம் வாழ்வின் மிகப் பெரிய வாக்கைக் கொடுத்த இடத்தையே அவர்கள் தேடி நிற்கவில்லை.

விசிட் விசாவில் போய் அனுமதி இல்லாமல் ஹஜ் செய்யலாம், தவக்குல் வைத்தால் அல்லாஹ் வழிவிடுவான் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். – வாசகர், வேலூர்

வேண்டாம். முற்காலத்தில் யமன் மக்களில் சிலர் வழிக்கு வேண்டியதைக் கொண்டுவராமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, 'நாங்கள் தவக்குல் உள்ளவர்கள்' என்பார்கள். மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இதையொட்டித்தான் 'பயணத்துக்கு வேண்டியதைச் சித்தப்படுத்திக்கொள்ளுங்கள். சித்தப்படுத்துவதில் சிறந்தது இறையச்சம்' என்ற திருக்குர்ஆன் வசனம் (2:197) இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள். இன்றைய கட்டுச்சோறு உங்கள் அனுமதிச் சீட்டு.

அது வெறும் காகிதம் இல்லை. 2024 ஜூன் ஹஜ்ஜில் மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்தார்கள்; அவர்களில் 83 சதவீதம் அனுமதி இல்லாதவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இருந்தால் மினாவில் குளிரூட்டிய கூடாரத்தில் இடம், அரஃபாவுக்கும் முஸ்தலிஃபாவுக்கும் வாகனம், குழுவில் பெயரைத் தேடும் ஆள் எல்லாம் உண்டு. அனுமதி இல்லாதவர் கண்ணில் படாமல் வெயிலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். மயங்கி விழுந்தாலும் யார் என்று சொல்ல ஆளிருக்காது. அந்த ஏஜென்டிடம் பணம் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: விசாவின் வகை என்ன என்பதை எழுத்தில் தருவாரா? தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வழி, சக்தி இல்லாதவர் மேல் ஹஜ் கடமையே இல்லை. கடமையாகாத ஒன்றுக்காக உயிரை வைத்துப் பார்ப்பதைத் தவக்குல் என்று சொல்லக் கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது.

இரண்டு ஆண்டு சேமித்து உம்ராவுக்குப் பணம் கட்டினோம். புறப்படும் வாரத்தில் மாமிக்கு உடம்பு முடியாமல் போய் நின்றுவிட்டது. துஆவும் செய்தேன், ஏற்பாடும் செய்தேன். என் தவக்குலில் என்ன பிழை? – வாசகி, பள்ளப்பட்டி

பிழை எதுவும் இல்லை, சகோதரி. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, கி.பி. 628இல், சுமார் 1,400 பேர் இஹ்ராம் (உம்ராவுக்கான புனித நிலை) அணிந்து பலிப்பிராணிகளோடு மதீனாவிலிருந்து வந்தார்கள். நபியவர்கள் கண்ட கனவை நம்பி வந்தார்கள். மக்காவுக்கு மிக அருகில், ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். இந்த ஆண்டு திரும்பிப் போக வேண்டும், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம் என்று ஒப்பந்தமாயிற்று. உமரால் தாங்க முடியவில்லை. 'நாம் கஅபாவுக்குப் போய் தவாஃப் செய்வோம் என்று நீங்கள் சொல்லவில்லையா?' என்று கேட்டார். நபி (ஸல்) திருப்பிக் கேட்டார்கள்: 'இந்த ஆண்டே என்று சொன்னேனா?' 'இல்லை.' 'நீர் அங்கே போவீர், தவாஃபும் செய்வீர்.'

எழுந்து அறுத்துப் பலியிட்டு முடியைக் களையுங்கள் என்று மூன்று முறை சொன்னார்கள். ஒருவரும் எழவில்லை. அவர்கள் ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்), அவர்களுக்கே அன்று கால் எழவில்லை. கூடாரத்துக்குள் உம்மு ஸலமா (ரலி), 'நீங்கள் யாரிடமும் பேசாமல் போய் உங்கள் ஒட்டகத்தை அறுத்து, நாவிதரை அழைத்து முடியைக் களைந்துகொள்ளுங்கள்' என்று யோசனை சொன்னார்கள். நபி (ஸல்) அப்படியே செய்ய, எல்லாரும் எழுந்தார்கள்; ஒருவருக்கொருவர் முடி களைந்துவிட்டார்கள். திரும்பும் வழியில் 'தெளிவான வெற்றியை அளித்தோம்' என்ற அத்தியாயம் இறங்கியது. மறு ஆண்டு வந்து உம்ரா செய்தார்கள்.

நீங்கள் இஹ்ராமின் நிய்யத் (மன உறுதி) வைக்குமுன்னே பயணம் நின்றதால் உங்கள் மேல் பரிகாரம் எதுவும் இல்லை. பை கட்டியதோ இஹ்ராம் உடை வாங்கியதோ இஹ்ராம் ஆகாது. மீகாத் என்னும் எல்லையில் வைக்கும் நிய்யத்துதான் இஹ்ராம். மாமியின் மருத்துவச் சான்றிதழோடு விமான நிறுவனத்துக்கும் பயண நிறுவனத்துக்கும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதைவிடத் தேதி மாற்றம் எளிதில் கிடைக்கும். அடுத்த முறை, இன்ஷா அல்லாஹ், வீட்டு நிலைமையோ உடல்நிலையோ உறுதியாகத் தெரியாவிட்டால், நோயுற்றிருந்த ளுபாஆ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) கற்றுக்கொடுத்த நிபந்தனையை நிய்யத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: 'அல்லாஹும்ம மஹில்லீ ஹைஸு ஹபஸ்தனீ'. இறைவா, நீ என்னை எங்கே தடுக்கிறாயோ அதுவே நான் இஹ்ராமை விடும் இடம் என்று பொருள். ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் இப்படிச் சொன்னவர், நிபந்தனையிட்ட காரணத்தால் வழியில் தடைபட்டால் பலி கொடுக்காமலே இஹ்ராமிலிருந்து விடுபடலாம். ஹனஃபி மத்ஹபில் சட்டம் வேறு. உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் புறப்படுமுன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.